இரவுச் சந்தைப் பென்டிரைவில் 2,000 பழைய பாட்டு: வாங்கலாமா, கூடாதா?

லயத்துவீட்டுக்காரி (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம். அப்பாவுக்குப் பழைய பாட்டு வேணும். டவுனில் இருந்த கேசட் கடை மூடி ரொம்ப நாளாச்சு, இப்போ அங்கே கைப்பேசி ரிப்பேர் கடை. பசார் மாலாமில் (இரவுச் சந்தை) ஒருத்தர் பென்டிரைவ் விக்கிறார். டி.எம்.எஸ்., சுசீலா, சீர்காழி எல்லாம் சேர்த்து 2,000 பாட்டாம், 25 வெள்ளி (ரிங்கிட்). காடியில் (கார்) செருகினா பாடும். அப்பாவுக்கு ஆப் எல்லாம் வராது. என் தம்பி அது திருட்டு, வாங்காதே என்கிறான். அம்பது அறுபது வருஷத்துப் பாட்டுக்கு இன்னுமா உரிமை இருக்கும்? இன்னொண்ணு, அப்பாவோட பழைய கேசட் ஒரு பெட்டி நிறைய இருக்கு. பாதியில் பூஞ்சை பிடிச்சிருக்கு. அதை வெச்சு ஏதாவது செய்ய முடியுமா?

ஸ்பீக்கர்செட்:
வாங்குங்க தங்கச்சி, இதுக்கெல்லாமா யோசிப்பாங்க? தோட்டத்துக் கல்யாணம், மாரியம்மன் திருவிழா எல்லாத்துக்கும் ஸ்பீக்கர் கட்டினவன் நான். ரெக்கார்டு தேய்ஞ்சா கேசட், கேசட் அறுந்தா சிடி, சிடி கீறினா பென்டிரைவ்னு பாட்டை மாத்தி மாத்தி எடுத்து வெச்சது எங்களை மாதிரி ஆளுங்க. கம்பெனிக்காரன் எவன் தீம்பார் (தோட்டம்) பக்கம் வந்தான்? இதே பாட்டுக்கு எங்கப்பா ரெக்கார்டு வாங்கக் காசு கொடுத்தாரு. நான் கேசட்டுக்குக் கொடுத்தேன், சிடிக்கும் கொடுத்தேன். நாலாவது தடவையும் நானே கொடுக்கணுமா?

கிராணிவீட்டுப்பையன்:
அண்ணே, நாலாவது தடவையும் காசு கொடுக்கத்தானே நீங்களே சொல்றீங்க. அந்த 25 வெள்ளி பாடினவருக்கோ எழுதினவர் குடும்பத்துக்கோ போகாம பசார்காரர் பைக்குப் போகுது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அக்கா கேட்டதுக்கு வர்றேன். ஒரு சினிமாப் பாட்டில் ஒரே ஒரு உரிமை இல்லை. எழுதியவருக்கு ஒன்று, இசையமைத்தவருக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவுக்கு அது வெளிவந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 50 ஆண்டு. வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவர் இறந்த பிறகு 50 ஆண்டு. இந்தியாவில் இரண்டுக்கும் 60.

இப்போ 1962இல் வந்த ஒரு பாட்டு, கண்ணதாசன் வரி, எம்.எஸ்.விஸ்வநாதன் இசை என்று வெச்சுக்குங்க. ஒலிப்பதிவின் உரிமை இரண்டு நாட்டிலும் முடிஞ்சது. ஆனா கண்ணதாசன் 1981இல் காலமானார், அதனால வரிக்கு இங்கே 2031 முடியும்வரை உரிமை உண்டு, இந்தியாவில் 2041 முடியும்வரை. எம்.எஸ்.வி. காலமானது 2015இல். மெட்டுக்கு இங்கேயே 2065 வரை. வரிக்கும் மெட்டுக்கும் பாட்டு பழசா என்று சட்டம் பார்ப்பதில்லை, படைத்தவர் எப்போ போனார் என்றுதான் பார்க்குது.

எல்லாம் முடிஞ்ச பாட்டும் இருக்கு. பட்டுக்கோட்டையார் 1959இல் போய்ட்டார், ஜி.ராமநாதன் 1963இல். அவர் எழுதி இவர் இசையமைச்ச பாட்டு என்றால் இங்கேயும் இந்தியாவிலும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நைட்ஷிப்ட்:
அப்போ அந்தப் பென்டிரைவை வாங்கி, பட்டுக்கோட்டையார் பாட்டை மட்டும் வெச்சுக்கிட்டு மீதியைப் பசார்காரர்கிட்ட திருப்பிக் கொடுத்துடலாமா? சும்மா கேட்டேன் லா.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்த மாதிரி ஒண்ணு எங்க வீட்டில் இருக்கு. 2,000 பாட்டு என்பது பொய்யில்லை, ஆனா ஒரே பாட்டு மூணு பேரில் இருக்கும். பாதி பாட்டுக்கு 'ட்ராக் 01' என்றுதான் பேர். டி.எம்.எஸ். என்று போட்டிருக்கும், உள்ளே யாரோ மேடைப் பாடகர் கீபோர்டு வெச்சுப் பாடியிருப்பார். எங்க தாத்தா மூணு வரி கேட்டுட்டு "யாருடா இவன்?" என்றார்.

ஸ்பீக்கர்செட்:
தம்பி வக்கீல் மாதிரி பேசுறீங்க. சரி, நேராவே கேக்குறேன். அந்தத் தங்கச்சி வாங்கினா போலீஸ் வந்து பிடிக்குமா?

கிராணிவீட்டுப்பையன்:
பிடிக்காது. சொந்த, வீட்டுப் பயனுக்கு வெச்சிருக்கிற பிரதியைச் சட்டம் அந்தக் குற்றத்தில் சேர்க்கவில்லை. ஆனா ஒரே பதிவின் கள்ளப் பிரதி மூணு அல்லது அதுக்கு மேல் கையில் இருந்தா, வீட்டுப் பயனுக்கு இல்லை என்று எடுத்துக்கொள்வாங்க, வீட்டுப் பயனுக்குத்தான் என்று நீங்கதான் நிரூபிக்கணும். விற்கிறவர் கதை வேற. ஒவ்வொரு கள்ளப் பிரதிக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், இல்லாட்டி ஐந்து ஆண்டுவரை சிறை, சில நேரம் இரண்டுமே. நம்மளைப் பிடிக்க மாட்டாங்க என்பதால நமக்கு அது நியாயமாகிடுமா?

ஸ்பீக்கர்செட்:
நியாயம் என்று வந்தா நானும் கேப்பேன். பாரதியார் பாட்டு உரிமை ஏவி.எம். செட்டியார் கையில்தானே இருந்துச்சு? 1949இல் சென்னை மாகாணத்து ஓமந்தூரார் அரசாங்கம் அதை வாங்குச்சு, அப்புறம் அது மக்களுக்கே வந்துச்சு. அப்போ அது நியாயம். ஏழை ஜனங்க பாடினதையும் கேட்டதையும் ஜனங்களுக்கே விட்டுடணும். அம்பது வருஷம் கழிச்சும் பூட்டி வெச்சிருந்தா யாருக்கு லாபம்? அந்தக் காலத்துக் கவிஞர் எத்தனை பேர் மொத்தமா எழுதிக் கொடுத்துட்டுக் கை கழுவினாங்க. இப்போ வர்ற காசு அவங்க பேரப் பிள்ளைக்கா போகுது?

கிராணிவீட்டுப்பையன்:
பாரதியாரை நீங்களே இழுத்தீங்க, அதனால சொல்றேன். உரிமையை அரசாங்கம் வெளிப்படையாக எடுத்துக்கொண்டது, பாரதி குடும்பத்துக்குப் பணமும் கொடுத்தது. பசார்காரர் யார் குடும்பத்துக்குக் கொடுத்தார்?

கம்பெனிக்குத்தான் காசு போகுது என்பது முன்பு பெரும்பாலும் உண்மை. அதனால்தான் இந்தியாவில் 2012இல் சட்டத்தைத் திருத்தி, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அதை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று வைத்தார்கள்.

ஸ்பீக்கர்செட்:
2012இல் வெச்சாங்க, சரி. 1962இல் எழுதிக் கொடுத்தவருக்கு?

கிராணிவீட்டுப்பையன்:
அதில் சண்டை இருக்கு, ஒத்துக்கிறேன். அதுக்காக அவர் குடும்பத்துக்கு வரக்கூடிய கொஞ்சத்தையும் நாம தடுக்கணுமா?

ரெக்கார்டுபெட்டி:
இரண்டு பேரும் ஒரே பாட்டைப் பற்றித்தான் சண்டை போடுறீங்க, அதுதான் எனக்கு வேடிக்கை. பென்டிரைவில் இருப்பதில் பெரும்பாலானவை நீங்க இப்பவே இலவசமாகக் கேட்கக்கூடிய பாட்டு. எச்.எம்.வி., கொலம்பியா தட்டுகளை வெளியிட்ட கல்கத்தா கிராமபோன் கம்பெனிதான் இன்றைய சரிகம. அவர்களே யூடியூபில் தமிழுக்கு அதிகாரபூர்வச் சேனல் வைத்து ஆயிரக்கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள். ஆப் வராத அப்பாவுக்கு 5,000 பாட்டு நிரப்பின கார்வான் பெட்டி தமிழிலேயே இருக்கு. பார்க்கப் பழைய வானொலி மாதிரி, குமிழைத் திருப்பினால் பாடகர் மாறுவார். 25 வெள்ளிக்கு வராதுதான். ஆனால் பாடுவது உண்மையான டி.எம்.எஸ். அதிலும் ஓட்டை உண்டு. அந்தக் கம்பெனியிடம் இருக்கும் பாட்டு மட்டுமே அதில். இளையராஜாவின் 80களின் பாட்டு பல, எக்கோ போன்ற வேறு நிறுவனங்கள் வெளியிட்டவை, அதில் கிடைக்காது.

ஆப்பையே முழுக்க நம்பச் சொல்லவும் மாட்டேன். 2019இல் இந்தியாவில் சரிகமவுக்கும் ஸ்பாட்டிஃபை ஆப்புக்கும் வழக்கு வந்து, அந்தப் பாட்டுகள் அங்கே அதிலிருந்து காணாமல் போயின. 2020இல் ஒப்பந்தம் போட்டபிறகுதான் திரும்பி வந்தன. மாதா மாதம் காசு கட்டினவனுக்கும் அதே கதிதான். காசு கொடுத்துக் கேட்கிறோம், ஆனால் பாட்டு நம்மிடம் இல்லை. இந்த இடத்தில் நான் ஸ்பீக்கர்செட் பக்கம். கையில் ஒரு பிரதி இருப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

தேடுவதும் ஒரு வித்தை. ஆங்கில எழுத்தில் தேடினால் 'ழ'வுக்கு ஒருத்தர் இசட் எச் போடுவார், ஒருத்தர் எல் போடுவார், இன்னொருத்தர் ஒய்யே போடுவார். தமிழிலேயே முதல் வரியை அடித்துப் பாருங்கள், பாதி வேலை முடியும். படத்தில் வந்த பாட்டும் தட்டில் வந்த பாட்டும் ஒன்று இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் ஓடும். படத்தில் இருந்த ஒரு சரணத்தை வெட்டியிருப்பார்கள், சில நேரம் வேறு முறை பாடவைத்தே பதிந்திருப்பார்கள். "அப்பா கேட்ட பாட்டு இது இல்லை" என்று அப்பா சொன்னால் அவர் ஞாபகத்தைச் சந்தேகிக்காதீர்கள்.

இந்த எம்பி3 மாற்றித் தரும் தளங்களுக்கு மட்டும் அப்பா கைப்பேசியைக் காட்டிடாதீங்க. ஏபிகே என்ற ஆப் கோப்பை இறக்கச் சொல்லும். அதை நம்பி வங்கிக் கணக்கைப் பறிகொடுத்தவர்கள் இந்த நாட்டில் எத்தனையோ பேர்.

தமிழ்ப்பள்ளிஆசிரியை:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். விரலியிலும் (பென்டிரைவ்) இல்லை, வலையொளியிலும் (யூடியூப்) இல்லை, சரிகமவிலும் இல்லை என்று ஒரு வகை உண்டு. நம் ஊரில் பாடியவை. மலேசியா வாசுதேவன் சென்னைக்குப் போய்ப் பாடியது முழுவதும் ஒரு விரல் தட்டலில் வருகிறது. இங்கேயே இருந்து வானொலிக்குப் பாடியவர்கள், உள்ளூர் இசைக்குழுக்கள், தோட்டத்து நாடகப் பாட்டு, பால்மரக் காட்டு நாட்டுப்பாடல், இவற்றைத் தேடிப் பாருங்கள். என் மாணவர்களுக்குக் காட்ட இரண்டு ஒலிப்பதிவு கிடைக்கப் படாத பாடு பட்டேன். ஒலிப்பதிவுகளையும் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டமே 1986இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கேசட்டுகள் யார் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதோ, பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.

ஆகவே, தங்கையே, 25 வெள்ளி விரலியை விடுங்கள். பூஞ்சை பிடித்த பெட்டியில் என்ன இருக்கிறது?

லயத்துவீட்டுக்காரி:
ராத்திரி திறந்து பார்த்தேன் டீச்சர். முக்கால்வாசி சினிமாப் பாட்டு, கம்பெனி கேசட். கொஞ்சம் அப்பா வானொலியிலிருந்து பதிவு பண்ணினது, நடுவில் அறிவிப்பாளர் குரலும் நேயர்கள் பெயரும் வருது. இரண்டு கேசட்டில் பேனாவில் 'பஜனை' என்று மட்டும் எழுதியிருக்கு. அப்பாவைக் கேட்டா, எங்க பழைய தோட்டத்துக் கோயில் பஜனைக் குழுவாம். அந்தத் தோட்டமே இப்போ இல்லை, செம்பனையும் வீட்டுமனையும்தான்.

ஸ்பீக்கர்செட்:
பார்த்தீங்களா! இதைத்தான் நான் முதல்லேர்ந்து சொல்றேன். ஜனங்க காப்பி பண்ணி வெச்சாத்தான் பாட்டு நிக்கும். அந்த பஜனையை யூடியூபில் போடுங்க தங்கச்சி, நாலு பேர் கேக்கட்டும்.

கிராணிவீட்டுப்பையன்:
அண்ணே, இது உங்க வாதமே இல்லை. பென்டிரைவ்காரர் இதைக் காப்பி பண்ணவே மாட்டார், விற்காது. எல்லார் வீட்டிலும் இருக்கிற 2,000 பாட்டைத்தான் திரும்பத் திரும்பக் காப்பி பண்ணுவார். அவர் எதையும் காப்பாத்தலை. பஜனைக் கேசட்டை டிஜிட்டலாக்கி வீட்டில் வைக்கலாம், குடும்பத்துக்குள் கேட்கலாம். பொதுவில் போடுறதுக்கு முன்னாடி பாடினவங்க யாராவது உயிரோடு இருக்காங்களா என்று கேட்டுட்டுப் போடுங்க அக்கா. சட்டத்துக்காக மட்டும் இல்லை, ஒரு மரியாதைக்கு.

ஸ்பீக்கர்செட்:
பஜனை பாடினவன் என்ன, ராயல்டியா கேக்கப் போறான்? நீங்க அனுமதிக் கடிதம் தேடி அலையறதுக்குள்ள பூஞ்சை மொத்தத்தையும் தின்னுடும். எடுத்துப் போடுங்க, யாராவது வேணாம்னா அப்புறம் எடுத்துடலாம்.

நைட்ஷிப்ட்:
இதில் நான் அங்கிள் கட்சி. போடலைன்னா பாடினவங்களுக்கே அந்தக் கேசட் இருக்குன்னு தெரியாதே. எங்க பாட்டி எந்தக் கோயில் பஜனையிலும் இருந்திருப்பாங்க.

தமிழ்ப்பள்ளிஆசிரியை:
நான் கிராணிவீட்டுத் தம்பி கட்சி. அந்தத் தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு புலனக் குழு (வாட்ஸ்அப்) கட்டாயம் இருக்கும், எல்லாத் தோட்டத்துக்கும் இருக்கிறது. ஒரு நிமிடம் அங்கே போட்டுக் கேட்டால் பாடியவர் யார் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

ரெக்கார்டுபெட்டி:
போடுவதும் போடாததும் பிறகு. பூஞ்சை பிடித்த கேசட்டை டெக்கில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள், தங்கச்சி. பூஞ்சை, டெக்கில் நாடா உரசும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். நல்லதையும் கெட்டதையும் முதலில் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். நல்லதை ஒரு தடவை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஹெட்டை ஐசோபிரப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். டெக்கின் ஹெட்போன் துளையிலிருந்து மடிக்கணினிக்கு ஒரு ஒயர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், அவ்வளவு போதும். எம்பி3ஆக எடுக்காதீர்கள், முதலில் சுருக்காத வேவ் கோப்பாக எடுங்கள், சுருக்குவது பிறகு. இரைச்சலை நீக்குகிறேன் என்று குரலை நீக்கிவிடாதீர்கள். நேயர் பெயர் வாசிக்கும் பகுதியையும் வெட்ட வேண்டாம், எந்த வருஷத்துப் பதிவு என்று கண்டுபிடிக்க அதுதான் உதவும். கம்பெனி கேசட்டில் நேரம் செலவழிக்காதீர்கள், அதெல்லாம் வெளியே கிடைக்கும். பஜனையும் வானொலியும் முதலில்.

பூஞ்சை பிடித்த இரண்டு மூன்றை நான் பார்க்கிறேன், நான் இருப்பது ஈப்போவில். தபாலில் அனுப்ப வேண்டாம்.

லயத்துவீட்டுக்காரி:
ரொம்ப நன்றி ஐயா. ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்கு வர்றோம், அப்பாவும் வர்றாராம். கார்வான் பெட்டி ஈப்போவில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று யாருக்காவது தெரியுமா?

ரெக்கார்டுபெட்டி:
லிட்டில் இந்தியா பக்கம் கேட்டுப் பாருங்கள். தமிழ்ப் பாட்டுப் பெட்டியா என்று பார்த்து வாங்குங்கள், இந்திப் பெட்டியைத் தலையில் கட்டிவிடுவார்கள். கேசட்டைக் காடிக்குள் வெயிலில் வைத்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள், என் வீட்டில் முதலில் இறக்கிவிட்டுப் போங்கள்.