புது வீட்டில் நெட் வருவதும் போவதுமாக இருக்கிறது: ரீசெட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: ரூட்டரில் லைட் எரிகிறது, போனில் வைஃபை காட்டுகிறது, ஆனால் நெட் நிற்கவே மாட்டேன் என்கிறது. ரூட்டர் முன்பு இருந்த நாட்டில் வாங்கியது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: முதல் வேலை, பின்னால் உள்ள சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்தாமல் இருப்பது. பத்து விநாடி அழுத்தினால் செட்டிங் மொத்தமும் அழிந்துவிடும். சில இணைப்புகளுக்கு பிபிபிஓஇ (நெட் நிறுவனத்திடம் லாகின் செய்யும் முறை) யூசர்நேமும் பாஸ்வேர்டும் வேண்டும், சிலவற்றுக்கு விஎல்ஏஎன் எண்ணும் (லைனில் நெட்டைத் தனியாகப் பிரித்துக் காட்டும் எண்) வேண்டும். அவை கையில் இல்லாமல் ரீசெட் செய்தால், அரைகுறையாக வந்துகொண்டிருந்த நெட்டும் போய்விடும். செட்டிங் பக்கத்தைத் திறந்து (முகவரி கீழே இருக்கிறது) இவற்றை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கும்: வெளியிலிருந்து வரும் லைன், ரூட்டர், வைஃபை. இவற்றைப் பிரித்துப் பார்க்க ஒரு லேன் கேபிள் போதும். லேப்டாப்பை ரூட்டரோடு கேபிளில் இணைத்து, லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு அரை மணி நேரம் பாருங்கள். நெட் நிற்காமல் வந்தால் லைனும் ரூட்டரும் பெரும்பாலும் சரி, வைஃபையைத்தான் பார்க்க வேண்டும். கேபிளிலும் போய்ப் போய் வந்தால் வைஃபை செட்டிங்கைத் தொடவே வேண்டாம்.

கேபிளிலும் வரவில்லை என்றால் ஃபைபர் பெட்டியின் லைட்டைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்ற லைட் சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஒளி சிக்னல் வந்து சேரவில்லை. மேசைக்கும் சுவருக்கும் நடுவே அந்த மெல்லிய ஃபைபர் வயர் மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். செம்புக் கம்பி மாதிரி இதை மடக்கக் கூடாது; இறுக்கமாக வளைந்தாலே வெளிச்சம் வழியில் கசிந்துவிடும். முனையைக் கழற்றிக் கண்ணால் உற்றுப் பார்க்காதீர்கள், அது லேசர். வயர் நேராக இருந்தும் சிவப்பு மாறவில்லை என்றால் நெட் நிறுவனத்துக்குத்தான் போன் செய்ய வேண்டும், ரூட்டரில் செய்ய எதுவும் இல்லை.

லைட் சரியாக இருந்தால், ரூட்டரின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) பிரவுசரில் அடித்து, ஸ்டேட்டஸ் பக்கத்தில் டபிள்யூஏஎன் ஐபியை (வெளி லைன் பக்கம் ரூட்டருக்குக் கிடைத்த முகவரி) பாருங்கள். 0.0.0.0 என்று இருந்தால் நிறுவனம் முகவரியே கொடுக்கவில்லை. கேபிள் மோடம் (கேபிள் டிவி லைனில் நெட் தரும் பெட்டி) இருக்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் பல மோடம்கள் தங்களோடு முதலில் இணைந்த கருவியை மட்டும் நினைவில் வைத்திருக்கும். ரூட்டரை மாற்றினால் இரண்டையும் அணைத்து, மோடத்தை முதலில் போட்டு, அதன் லைட்டுகள் நிலைத்த பிறகு ரூட்டரைப் போடுங்கள். ஐபி 192.168 என்று தொடங்கினால் மோடமே ஒரு ரூட்டராகவும் வேலை செய்கிறது என்று அர்த்தம். உங்கள் ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு (வைஃபை மட்டும் தரும்படி) மாற்றுங்கள், அல்லது மோடத்தை பிரிட்ஜ் மோடில் (ரூட்டர் வேலையை விட்டுவிட்டு லைனை மட்டும் கடத்தும்படி) போடச் சொல்லி நிறுவனத்தைக் கேளுங்கள்.

8.8.8.8க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை) போகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது) கோளாறு; ரூட்டரில் டிஎன்எஸ் முகவரியாக 1.1.1.1 போட்டுப் பாருங்கள். பெரிய பிளான் வாங்கியும் வேகம் 94 எம்பிபிஎஸ் பக்கத்திலேயே நின்றால் லேன் கேபிளை மாற்றுங்கள். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு கேபிளின் உள்ளே எட்டுக் கம்பியும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் இணைப்பு 100 எம்பிபிஎஸுக்கு இறங்கிவிடலாம்.

மறுமொழி: மேலே சொன்னது அத்தனையும் சரி. வேறு நாட்டில் வாங்கிய ரூட்டர் என்பதால் இதையும் பாருங்கள். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அமெரிக்காவில் சேனல் 1 முதல் 11 வரைதான் வழக்கம், பல நாடுகளில் 13 வரை உண்டு. ரூட்டர் 12 அல்லது 13இல் போய் உட்கார்ந்தால், அமெரிக்காவுக்கென்று செய்த லேப்டாப்புக்கு அந்த வைஃபையின் பெயரே தெரியாமல் போகலாம், பக்கத்தில் இருக்கும் போனில் முழு சிக்னல் காட்டும். ரூட்டர் செட்டிங்கில் நாட்டை நீங்கள் இப்போது இருக்கும் நாடாக மாற்றுங்கள் (சட்டப்படியும் அதுதான் சரி), சேனலை ஆட்டோவில் விடாமல் 1, 6, 11இல் ஒன்றில் நிறுத்துங்கள், சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்.

5 கிகாஹெர்ட்ஸில் 52, 100 போன்ற சேனல்களில் ராடாருக்குத்தான் முன்னுரிமை. ரூட்டர் குறைந்தது 60 விநாடி கேட்டுப் பார்த்த பிறகே ஒளிபரப்பும். ராடார் சிக்னல் என்று அதற்குத் தோன்றினால் உடனே அந்தச் சேனலைக் காலி செய்யும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு என்றால் நெட் திடீர் திடீரென்று அறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 36 முதல் 48 வரை உள்ள சேனலில் போடுங்கள்.

இன்னொரு மறுமொழி: ரூட்டர் தானாக அணைந்து அணைந்து எரிந்தால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். இன்புட் 100-240 வோல்ட் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். புதிது வாங்கினால் அவுட்புட் வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதல். 12 வோல்ட் 2 ஆம்பியர் கேட்கும் ரூட்டருக்கு 1 ஆம்பியர் அடாப்டர் போட்டால் லைட் எரியும், ஆனால் நாலைந்து பேர் வீடியோ பார்க்கத் தொடங்கியதும் ரீஸ்டார்ட் ஆகிவிடும். ரூட்டரில் செருகும் முள்ளின் பிளஸ், மைனஸ் படமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தே செருகுங்கள்.