முதியோர் நலத் துறையில் பணியாற்ற எதைப் படிப்பது?

தேன்மொழி, மதுரை:

வணக்கம். நான் இளங்கலை உளவியல் இறுதியாண்டு மாணவி. பட்டம் பெற்ற பின் முதியோருடன் பணியாற்ற விரும்புகிறேன். மருத்துவராகும் எண்ணம் இல்லை. முதுமையியல் என்ற பெயரிலேயே ஒரு பட்டயமோ முதுகலையோ படிப்பதா, அல்லது எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டு அதன் வழியாக இத்துறைக்குள் வருவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. இத்துறையில் இருப்பவர்கள் நாள்தோறும் செய்யும் வேலை என்ன என்பதையும், அதற்கு எந்தப் படிப்பு உண்மையில் கைகொடுத்தது என்பதையும் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கடலோரத்தாள், சென்னை (மருத்துவ சமூகப் பணியாளர்):

எம்.எஸ்.டபிள்யூ. படியுங்கள் அம்மா. வேலைக்கு ஆள் கேட்பவர்கள் சமூகப் பணியாளர், செவிலியர், இயன்முறை மருத்துவர் என்றுதான் கேட்கிறார்கள். 'முதுமையியலாளர் தேவை' என்று கேட்பது அரிது.

மருத்துவர்களுக்கு இங்கே பாதை முன்பே போடப்பட்டுவிட்டது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ. நடராஜன் 1978-இல் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார்; நாட்டிலேயே முதன்முறையாக முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டி கிங் நிறுவன வளாகத்தில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. நம்மைப் போன்றவர்களுக்கு அப்படி நேரான பாதை இல்லை. ஒரு அடிப்படைத் தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு, அதன்மேல் முதுமையைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். ஒருவருக்கு என்ன நோய் என்பதை மருத்துவர் எழுதிவிடுவார். அந்த நோயோடு அவர் வீட்டில் எப்படி வாழப்போகிறார் என்பதை நாம் கண்டறிய வேண்டும். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குச் செல்வது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, உண்பது என்னும் ஆறையும் வைத்து மதிப்பிடும் கட்ஸ் அளவுகோல் 1963-இல் வந்தது. மருந்து எடுத்துக்கொள்வது, பணத்தைக் கையாள்வது, சமைப்பது, தொலைபேசியில் பேசுவது போன்றவற்றைக் கேட்கும் லாட்டன் அளவுகோல் 1969-இல் வந்தது. இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினால் தவறான முடிவுதான் கிடைக்கும். வாழ்நாளில் ஒருமுறைகூட அடுப்படிக்குள் போகாத தாத்தாவால் சமைக்க முடியவில்லை என்பதை முதுமையின் தளர்ச்சியாக எழுதிவிட முடியாது. நினைவாற்றல் சோதனைகளிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும் சோதனையில், பள்ளிக்கூடம் போகாத பாட்டி மறதி நோய் ஏதும் இல்லாமலேயே மதிப்பெண் இழப்பார். இதற்காகவே ஹரியானாவின் பல்லப்கரில் எழுத்தறிவில்லாதவர்களுக்கு ஏற்றவாறு அச்சோதனையின் ஹிந்தி வடிவத்தை உருவாக்கினார்கள். உளவியல் படித்தவர் என்பதால் இது உங்களுக்கு எளிதில் விளங்கும்; மதிப்பிடும் வேலையில் அந்தப் படிப்பு வீணாகாது.

சட்டத்தையும் படித்து வையுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்கும் மனுவைக் கோட்டாட்சியர் நிலையில் உள்ள தீர்ப்பாயம் விசாரிக்கும். தம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெறவும் 23-ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனால் வார்டில் இதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலான தாய்மார்கள் 'மகன்மேல் மனு போடுவதா' என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதற்குப் பின் பேச வேண்டிய பேச்சை எந்தப் பாடத்திட்டமும் கற்றுத் தருவதில்லை.

வத்தல்மலையான், தருமபுரி (இயன்முறை மருத்துவர்):

மேலே அம்மையார் எழுதியவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எந்தப் படிப்பைத் தேர்ந்தாலும் முதிய உடலைப் பற்றி அறிந்துகொள்ளாமல் இத்துறைக்கு வராதீர்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே செல்கின்றன. அப்படிச் செல்லும் வீடுகளில் 'வயசாச்சு, அப்படித்தான்' என்ற பேச்சே பல நேரங்களில் பெரிய தடையாக நிற்கிறது. நேற்றுவரை தெளிவாகப் பேசிய பெரியவர் இன்று திடீரெனக் குழம்பிப் பேசினால் அது முதுமையன்று. நுரையீரல் அழற்சியாகவோ சிறுநீர்த் தொற்றாகவோ இருக்கலாம், காய்ச்சல்கூட இல்லாமல் வரலாம். எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழுவதற்கும், இரவில் போடும் தூக்க மாத்திரையால் தடுமாறி விழுவதற்கும் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த எலும்பு முறிவைத் தவிர்க்க வாய்ப்பு உண்டு. சமூகப் பணியாளர் இதைக் கவனித்து உரிய இடத்தில் சொன்னாலே போதும்.

நொய்யல், கோவை:

நான் சற்று மாறுபடுகிறேன். மூத்தோருக்கான குடியிருப்பு ஒன்றின் நிர்வாகத்தில் இருக்கிறேன். எங்கள் ஊரில் இத்தகைய குடியிருப்புகள் நிறைய. இங்கே ஆள் எடுக்கும்போது முதியோர் பராமரிப்பில் பட்டயம் வைத்திருப்பவரை நான் முன்னுக்கு வைப்பேன். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் உள்ள தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் இத்தகைய பயிற்சிகளை நடத்தி வருகிறது. எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு இரண்டாண்டு செலவிட முடியாதவர்களுக்கு அது நல்ல தொடக்கம். சம்பளம் முதலில் குறைவுதான், அதை மறைக்க விரும்பவில்லை. வேலையில் பாதி, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் கைப்பேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்வது.

தேன்மொழி, மதுரை:

அனைவருக்கும் நன்றி. உளவியலிலேயே முதுகலை தொடர்ந்து, மறதி நோயாளிகளுக்கான சோதனைகளைச் செய்பவராக வருவது சரியான வழியா?

கடலோரத்தாள், சென்னை:

வழி உண்டு, ஆனால் நீளமானது. மருத்துவ உளவியலராகப் பணியாற்ற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற வேண்டும். அதற்கு முதுகலை மட்டும் போதாது, கவுன்சில் ஏற்பளித்த பயிற்சியையும் முடித்தாக வேண்டும். எதில் சேர்வதானாலும், சேருமுன் விடுமுறையில் ஒரு முதியோர் பகல் பராமரிப்பு மையத்தில் அனுமதி கேட்டுச் சில வாரங்கள் இருந்து பாருங்கள். மதிய உணவுக்குப் பிந்திய நேரத்தில் அங்கே இருங்கள். காலையில் எல்லாரும் பேசுவார்கள்.