பாவு பிணைக்கிற நாளில் சமையல் கிடையாது

காரிமங்கலத்திலிருந்து:

வீட்டில் தறி இருக்கிறது என்று தெரிந்தால் போதும், "சமையலும் பார்த்துக்கிட்டு, பிள்ளைகளையும் பார்த்துக்கிட்டு, இதுக்கு எப்படிங்க நேரம் கிடைக்குது?" என்று கேட்டுவிடுவார்கள். நான் நேரத்தைப் பங்கு போடுவதே இல்லை. தறி வேலையில் எதைப் பாதியில் விட்டு எழுந்து போகலாம், எதை விடவே கூடாது என்று தெரிந்தால் போதும்.

பிறந்த வீடு தாரமங்கலம் பக்கம். அப்பா குழித்தறியில் நெய்தவர், தரையில் குழி தோண்டிக் காலை உள்ளே விட்டு நெய்கிற தறி அது. நான் இங்கே வாக்கப்பட்டு வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் முன்னறையில் தரைக்கு மேலே சட்டத்தில் நிற்கிற சட்டத்தறி ஒன்று போட்டோம். ஈரிழைத் துண்டு மட்டும் நெய்கிறேன்.

விடவே கூடாதது பாவு பிணைப்பது. பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்கள். தீர்ந்த பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். 30 அங்குல அகலம், அங்குலத்துக்கு 40 இழை என்றால் 1200 இணைப்பு. வரிசை ஓரிடத்தில் மாறினாலும் துணி நெடுகத் தெரியும். அன்றைக்கு வீட்டில் அடுப்பு என் பொறுப்பில்லை. களி கிண்டுவது வீட்டுக்காரர், குழம்பு முந்தின நாளுடையது. இதை ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு நெசவு வீட்டிலும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்வேன்.

தார் சுற்றுவது, அதாவது குறுக்கே ஓட்டுகிற நூலைச் சின்னக் குழலில் சுற்றுவது, அப்படியில்லை. குக்கர் விசில் வந்தால் எழுந்து போகலாம், பையன் வாய்ப்பாடு ஒப்பிப்பதையும் கேட்கலாம். நெய்வது இரண்டுக்கும் நடுவில். எழுந்திருக்கும்போது மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுப் பாவைக் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள். இறுக்கத்தோடு விட்டால், திரும்ப உட்கார்ந்து அடிக்கிற இடத்தில் குறுக்கே கோடு விழும்.

பங்குனி, சித்திரையில் நம் பக்கத்து வெயிலுக்கு நூல் காய்ந்து பட்பட்டென்று அறும். பருத்தி நூலுக்கு ஈரம் இருந்தால்தான் வலு. குழித்தறியில் மண்ணின் குளிர்ச்சி கைகொடுக்கும், சட்டத்தறிக்கு அது இல்லை. அதனால் கோடையில் விடியற்காலையிலேயே உட்கார்ந்துவிடுவேன். தறிக்கு அடியில் நனைத்த சாக்கு விரித்து வைப்பேன்.

துண்டின் முனை இழைகளைக் குஞ்சமாக முடிச்சுப் போடுவது பேருந்தில். ஒரு முறை பென்னாகரம் போகும்போது பக்கத்து சீட்டுப் பாட்டி என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். "இப்படிக் குடு கண்ணு" என்று ஒரு துண்டை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். நான் ஒரு முனை முடிப்பதற்குள் அவர் இரண்டு முனையும் முடித்துவிட்டார். சின்ன வயதில் தறிக்காரர் வீட்டில் தார் சுற்றப் போனாராம், கல்யாணத்துக்குப் பிறகு நூலையே தொடவில்லையாம். "கேட்டிருந்தா செஞ்சிருப்பேன், யாரும் கேக்கல" என்றார். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்படி எத்தனை கைகள் நம் ஊர்களில் சும்மா இருக்கின்றன!

போச்சம்பள்ளியிலிருந்து:

அக்கா, நாங்கள் நெய்வதை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்கிறோம். வருகிறவர்கள் முதலில் சொல்வது, "பர்கூர்ல இந்த விலைக்கு மூணு வாங்கலாமே." அவர்கள் மேல் தப்பில்லை, கைத்தறித் துண்டும் விசைத்தறித் துண்டும் மடித்து வைத்தால் ஒன்று போலத்தான் இருக்கும். எனக்குக் கோபம் வருவது, விசைத்தறித் துண்டைக் கைத்தறி என்று சொல்லி விற்பதைப் பார்த்தால்தான். குறிப்பிட்ட வகைத் துண்டுகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-இல் சட்டம் வந்தது. 2006-இல் கைத்தறி முத்திரையும் வந்தது. வாங்குகிறவர்கள் கேட்டால்தானே அதற்கெல்லாம் மதிப்பு?

மாந்தோப்புக்காரர் ஒருவர் மூன்று துண்டு வாங்கிப் போனார். அடுத்த சந்தைக்கே கையோடு கொண்டுவந்து, "தண்ணியே உறிஞ்சல தம்பி" என்றார். புதுத் துண்டில் பாவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும், ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு அலசுங்கள், அலச அலச நன்றாக உறிஞ்சும் என்றேன். நம்பாமல்தான் போனார். பிறகு மகள் வளைகாப்புக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க அவரே மொத்தமாகச் சொல்லிவிட்டார். இப்போது கேட்டாலும் கேட்காவிட்டாலும் வாங்குகிற எல்லோருக்கும் ஊறப்போடுவதைச் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

ஓசூரிலிருந்து:

நான் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். இரவு ஷிஃப்ட் வாரத்தில் தறியில் உட்கார மாட்டேன், தார் மட்டும் சுற்றி டப்பாவில் சேர்த்து வைப்பேன். தூக்கம் கெட்ட கண்ணோடு நெய்தால் கரை நேராக வராது. 60 அங்குலத் துண்டு வேண்டுமென்றால் 65 நெய்கிறேன், அலசினால் சுருங்கும்.

எங்களுடையது மாடியில் வாடகை வீடு. தறிச்சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று கீழ் வீட்டு அம்மா ஒரு நாள் படியேறி வந்துவிட்டார். கோபமாகத்தான் வந்தார், தறியைப் பார்த்ததும் நின்று கேட்க ஆரம்பித்தார். இருவரும் பேசி, தறிக்கால்களுக்கு அடியில் பழைய டயரை வெட்டி வைத்தோம், இரவு எட்டு மணிக்கு மேல் நெய்வதில்லை என்றும் முடிவு செய்தோம். சத்தம் நன்றாகக் குறைந்தது. அவர் மகள் விடுமுறை நாளில் வந்து தார் சுற்றக் கற்றுக்கொள்கிறாள். வாடகை வீட்டில் தறி போடுகிறவர்கள் டயர் ரப்பரை முதல் நாளே வைத்துவிடுங்கள். தறியை நிறுத்திப் பாவு ஏற்றிய பிறகு கால்களைத் தூக்குவது பெரும்பாடு.