ஹெர்பி நிக்கல்ஸை உலகம் கைவிட்டதா?

கருப்புக்கட்டை:
ஜாஸ் பியானோக்காரர், இசையமைப்பாளர் ஹெர்பி நிக்கல்ஸ் பெயரைத் தெரிந்தவர்கள்கூட அவர் பட்ட கஷ்டத்தைத்தான் சொல்கிறார்கள், இசையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1919-ல் நியூயார்க்கில் பிறந்தவர், பெற்றோர் கரீபியன் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள், வயிற்றுப்பாட்டுக்காகத் தன் இசைக்குச் சம்பந்தமே இல்லாத டிக்ஸிலாண்ட் (பழைய பாணி ஜாஸ்) குழுக்களில் பியானோ வாசித்தார், 1963-ல் 44 வயதில் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டார். இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். 1955, 56-ல் புளூ நோட் இசைத்தட்டுக் கம்பெனிக்காக முப்பது உருப்படிகள் பதிவு செய்திருக்கிறார், அதில் ஒரு கெர்ஷ்வின் பாட்டைத் தவிர எல்லாமே அவர் சொந்த மெட்டு. அவற்றை உட்கார்ந்து கேட்டவர்கள் இங்கே எத்தனை பேர்? என்னைக் கேட்டால் அந்தத் தலைமுறையில் பியானோ வாசித்த தெலோனியஸ் மங்க்குக்கு அடுத்த இசையமைப்பாளர் இவர்தான், ஜாஸ் உலகம் அவரைக் கைவிட்டது.

பழைய தட்டு:
கைவிட்டது என்பதை நான் ஏற்கமாட்டேன். புளூ நோட் அவரை ஒன்றரை வருடத்துக்குள் ஐந்து முறை ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டது. ட்ரம்ஸில் சில முறை ஆர்ட் பிளேக்கி, மற்ற முறைகளில் மேக்ஸ் ரோச். இவர்கள் இரண்டு பேரும் கிடைப்பதற்கு அன்றைக்கு எத்தனை பியானோக்காரர்கள் தவம் கிடந்திருப்பார்கள்? இசைத்தட்டுகள் கடைக்கு வந்தன, ஜனங்கள் வாங்கவில்லை. 1957-ல் பெத்லஹேம் கம்பெனி இன்னொரு வாய்ப்பு கொடுத்தது, அதையும் வாங்கவில்லை. மெட்டு நிற்கக்கூடியதாக இருந்தால் மற்றவர்கள் எடுத்து வாசித்திருப்பார்கள் ஐயா. மங்க்கின் 'ரவுண்ட் மிட்நைட்டை' டிரம்பெட்காரர் கூட்டி வில்லியம்ஸ் 1944-லேயே பதிவு செய்துவிட்டார், அப்போது மங்க்கை யாருக்குத் தெரியும்?

கருப்புக்கட்டை:
எடுத்து வாசித்தார்களே. பியானோ வாசித்த மேரி லூ வில்லியம்ஸ் 1951-லேயே இவர் மெட்டுகளைப் பதிவு செய்தார், நிக்கல்ஸ் சொந்தப் பெயரில் புளூ நோட்டுக்கு வாசிப்பதற்கு நாலு வருடம் முன்னால். அப்புறம் பாடகி பில்லி ஹாலிடே. 'லேடி சிங்ஸ் த புளூஸ்' என்ற பாட்டின் மெட்டு நிக்கல்ஸுடையது. அவர் 'செரினேட்' என்று பெயர் வைத்திருந்தார், ஹாலிடே அதற்கு வரிகள் போட்டார், அதே பெயரில் 1956-ல் சுயசரிதை வந்தது, 1972-ல் சினிமாவும் வந்தது. அந்தப் பெயரை உலகத்துக்கே தெரியும், மெட்டுப் போட்டவரை யாருக்கும் தெரியாது. இதற்குப் பெயர் என்ன?

ஐந்து பதிவு கொடுத்தார்கள் என்கிறீர்கள். அந்தக் கம்பெனியை நடத்திய ஆல்ஃபிரட் லயனிடம் நிக்கல்ஸ் 1947-லிருந்தே பதிவு வாய்ப்பு கேட்டுக்கொண்டிருந்தார். எட்டு வருடம்! இன்னொன்று, மங்க்கின் புளூ நோட் தட்டுகளும் விற்கவில்லைதானே? 1951-ல் கிளப்களில் வாசிப்பதற்கான போலீஸ் அனுமதி அட்டை பறிபோய், அது திரும்பக் கிடைத்து, 1957-ல் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் சாக்ஸபோன்காரர் கோல்ட்ரேனோடு மாதக்கணக்கில் வாசித்த பிறகுதான் மங்க்கை ஊர் கொண்டாடியது. அப்போது அவருக்கு வயது 39. நிக்கல்ஸுக்கு அப்படி ஒரே இடத்தில் தொடர்ந்து தன் மெட்டுகளை வாசிக்கும் வாய்ப்பு வரவே இல்லை, அதற்குள் ஆயுளும் முடிந்துவிட்டது.

தாளப்பித்தன்:
இரண்டு பேரும் விற்பனையைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் இசைக்கு வருகிறேன். 'ஹவுஸ் பார்ட்டி ஸ்டார்ட்டிங்' கேளுங்கள், மேக்ஸ் ரோச் வாசித்தது. பெயரைப் பார்த்தால் விருந்து, கும்மாளம் என்று நினைப்போம். நடுத்தர வேகத்தில் மெட்டு கிளம்புகிறது, ஆனால் சந்தோஷத்துக்குள் முழுசாகப் போவதில்லை, ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஸ்வரக்கூட்டு சற்று இருண்டு போகிறது, வீட்டுக்குள் நுழையலாமா வேண்டாமா என்று வாசலிலேயே நிற்கிற மாதிரி. முதல் வரி மறுபடி வரும்போது அதே வரியாகக் காதில் விழுவதில்லை, நடுவில் கேட்டவை அதன் நிறத்தை மாற்றிவிடுகின்றன.

அதைவிட முக்கியம், இவர் ட்ரம்ஸைத் துணை வாத்தியமாக நினைத்து எழுதவில்லை. மெட்டுக்குள்ளேயே இடம் விட்டு எழுதுகிறார், அந்த இடத்தை ட்ரம்ஸ்காரர் நிரப்பினால்தான் வாக்கியம் முடியும். ட்ரம்ஸ் நிரப்பும் அந்த அடிகளை எடுத்துவிட்டால் மெட்டு நொண்டும். தன் தட்டின் பின்னட்டைக் குறிப்பை அவரே எழுதினார், அதிலும் ட்ரம்ஸின் நாதத்தைப் பற்றித்தான் அத்தனை ஆசையோடு பேசுகிறார். பிளேக்கி வாசித்த 'ஷஃபிள் மாண்ட்கோமரி'யையும் '2300 ஸ்கிடூ'வையும் பியானோவை விட்டுவிட்டு ட்ரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

பழைய தட்டு:
தாளப்பித்தன் சொல்வது சரி, அந்த வாசிப்பை நான் குறைத்துச் சொல்லவே இல்லை. ஆனால் என் வாதத்துக்கே அது வலு சேர்க்கிறது. பியானோ, பாஸ், ட்ரம்ஸ் மூன்றுக்குள் அவ்வளவு இறுக்கமாகப் பின்னிய இசையை ஒரு சாக்ஸபோன்காரர் ராத்திரி கிளப்பில் எப்படி எடுத்து வாசிப்பார்? 1955-ல் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் இல்லாமல் பெயர் வாங்குவது கஷ்டம். பியானோக்காரர் ஹொரேஸ் சில்வர் அதைப் புரிந்துகொண்டு ஐந்து பேர் குழு வைத்தார், ஜெயித்தார். நிக்கல்ஸ் கூச்ச சுபாவம், கவிதை, சதுரங்கம் என்று இருந்தவர், மின்டன்ஸ் போன்ற கிளப்களில் நடந்த போட்டா போட்டி அவருக்கு ஒத்துவரவில்லை. நல்ல மனிதர்தான். அதற்காகக் குழு சேர்க்காததன் பழியை உலகத்தின் மேல் போட முடியுமா?

டிரம்போன் ரசிகை:
அண்ணா, கூச்சப்படுகிறவன் பட்டினி கிடக்க வேண்டும் என்பது ஒரு நியாயமா? ஊதுகுழல்கள் வைத்துப் பதிவு செய்ய அவருக்கு ஆசை இருந்தது. அவர் தலைமையில் புளூ நோட்டும் சரி பெத்லஹேமும் சரி மூன்று பேர் குழுவைத்தான் பதிவு செய்தார்கள், மூன்று பேர் என்றால் செலவு குறைவு. சொந்தக் காசில் குழு நடத்தும் நிலையில் அவர் இல்லை.

ஊதுகுழலுக்கு அந்த மெட்டுகள் ஒத்துவராது என்பதும் தவறு. டிரம்போன் வாசிக்கும் ராஸ்வெல் ரட் 1960-களின் தொடக்கத்தில் நிக்கல்ஸோடு பழகி, வாசித்து, மெட்டுகளை அவரிடமே கற்றவர். 1982-ல் ரட்டும் சோப்ரானோ சாக்ஸபோன்காரர் ஸ்டீவ் லேசியும் டச்சு பியானோக்காரர் மிஷா மெங்கல்பெர்க்கோடு சேர்ந்து ஒரு தட்டில் பாதியை நிக்கல்ஸுக்கும் பாதியை மங்க்குக்கும் கொடுத்தார்கள். அதில் டிரம்போனும் சோப்ரானோ சாக்ஸபோனும் அந்த மெட்டைத் தூக்கிக்கொண்டு போகிற அழகைக் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள். 1990-களில் பியானோக்காரர் ஃபிராங்க் கிம்ப்ரோவும் பாஸ் வாசிக்கும் பென் ஆலிசனும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் காப்புரிமைக்காகக் கிடந்த தாள்களைத் தேடி எடுத்து, அதுவரை யாரும் பதிவு செய்யாத மெட்டுகளைக் குழுவாக வாசித்தார்கள். சுமார் 170 மெட்டுகள் எழுதியவர். அவர் அப்பா வீட்டில் தண்ணீர் புகுந்து கையெழுத்துத் தாள்கள் பல நாசமாகிவிட்டன. போனது போக மிஞ்சியதே இவ்வளவு.

பழைய தட்டு:
நான் பட்டினியை நியாயப்படுத்தவில்லை தங்கச்சி. அந்த 1982 தட்டு என்னிடமும் இருக்கிறது, எனக்கும் பிடித்ததுதான். அதை வைத்து, வாசிக்கிறவர்கள் கொண்டாடும் இசையமைப்பாளர் என்று சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். 'மங்க்குக்கு அடுத்து' என்பதற்கு மட்டும் சம்மதிக்க மாட்டேன். இசையமைப்பாளர்கள் என்றால் டேட் டேமரன் இருக்கிறார், பில்லி ஸ்ட்ரேஹார்ன் இருக்கிறார். செத்துப்போனவர் பாவம் என்ற இரக்கத்தில் வரிசை போடக்கூடாது.

கருப்புக்கட்டை:
இரக்கத்தில் சொல்லவில்லை. ஸ்ட்ரேஹார்னுக்கு எலிங்டனின் மொத்த வாத்தியக் குழுவும் கையில் இருந்தது, டேமரன் தன் மெட்டுகளை ஃபேட்ஸ் நவாரோவின் டிரம்பெட்டில் கேட்டார். நிக்கல்ஸ் மூன்றே வாத்தியத்தில் அதைச் செய்தார். நீங்கள் மங்க்கை அளவுகோலாக வைப்பதால் இதையும் சொல்கிறேன்: மங்க்கைப் பற்றி மிக ஆரம்பத்தில் அச்சில் எழுதியவர்களில் ஒருவர் இதே நிக்கல்ஸ், 1944-ல், ஒரு சின்ன இசைப் பத்திரிகையில். அடுத்தவரை ஆரம்பத்திலேயே அடையாளம் கண்டு எழுதியவரை 'இன்னொரு மங்க்' என்று சொல்லி ஒதுக்கியதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

புதிதாகக் கேட்க வருகிறவர்கள் 'த தேர்ட் வேர்ல்ட்'டில் தொடங்கலாம். அடுத்து, பாடகி இல்லாமல் அவர் மூன்று பேர் குழுவில் வாசித்த 'லேடி சிங்ஸ் த புளூஸ்'. 1957 பெத்லஹேம் தட்டுக்கு அப்புறம் வாருங்கள், அதில் டேனி ரிச்மண்ட் ட்ரம்ஸ் வாசிக்கிறார். தாளப்பித்தன், அதைக் கேட்டிருக்கிறீர்களா? பிளேக்கியையும் ரோச்சையும் வைத்து நீங்கள் சொன்னது அங்கேயும் நிற்கிறதா என்று தெரிய வேண்டும்.