வெளிநாட்டில் பால் செலவைக் குறைக்க வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. வெளிநாட்டுக்குக் குடிவந்து ஐந்து மாசம் ஆகிறது. இரண்டு சின்னப் பிள்ளைகள், தினமும் ஒன்றரை லிட்டர் பால் ஆகிறது. மளிகை பில்லில் பாலும் தயிரும் வெண்ணெயுமே பெரும்பங்கை விழுங்கிவிடுகின்றன.

ஒரு லிட்டர் பாலுக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தயிர் கிடைக்குமே என்று கடைத் தயிரை நிறுத்திவிட்டு வீட்டிலேயே உறை ஊற்றினேன். குளிருக்கோ என்னவோ, காலையில் மூடியைத் திறந்தால் மேலே தண்ணீர், கீழே நூல் நூலாக இழுக்கிறது. மனசே விட்டுப்போச்சு. இப்போது பாலை 42 டிகிரிக்கு ஆறவிட்டு உறை ஊற்றி, துணி சுற்றி, அணைத்த ஓவனுக்குள் வைக்கிறேன். கொஞ்சம் பரவாயில்லை.

135 டிகிரிக்கு மேல் சூடாக்கி அடைக்கும் யூ.எச்.டி. பால், பிரிக்காதவரை மாசக்கணக்கில் வெளியிலேயே கெடாது. தள்ளுபடியில் மொத்தமாக வாங்கலாம்தான், ஆனால் அதில் தயிர் கெட்டியாக உறையுமா? சாதாரணப் பாலை ஃப்ரீசரில் வைத்து உருக்கினால் கொழுப்பு பிரிந்து திப்பி திப்பியாக நிற்கிறது, நன்றாகக் குலுக்கினால் சரியாகுமா? பால் பவுடர் கலக்குகிறவர்கள் லிட்டருக்கு எத்தனை கிராம் போடுகிறீர்கள், பிள்ளைகள் முகம் சுளிக்காமல் குடிக்கிறார்களா?

சின்னவனுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. அதனால் கொழுப்பு நீக்கிய பால் மட்டும் வேண்டாம். அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள், ரொம்ப உதவியாக இருக்கும்.