பறங்கியர் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்ய உதவி தேவை

வணக்கம். திருகோணமலையில் ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் வீடுகளில் பேசும் போர்த்துக்கேயத்தைக் கொஞ்ச நாளாகப் பதிவு செய்து வருகிறேன். சொற்கள் போர்த்துக்கேயம்தான், ஆனால் வசனம் கட்டும் முறை அப்படியே நம்முடையது. போர்த்துக்கல்லில் '-க்கு' என்று பொருள்படும் 'பரா' பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும். இங்கே அது 'ப' என்று தேய்ந்து, நம் 'கு' உருபு மாதிரிப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. வினையும் கடைசிக்குப் போய்விட்டது. 1658 இல் போர்த்துக்கேயர் ஆட்சி முடிந்த பிறகும் தமிழோடு அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்த பாஷை அல்லவா!

உங்கள் அயலில் இதைப் பேசும் வயதானவர்கள் இருக்கிறார்களா? "எனக்குப் பசிக்குது", "தம்பிக்குக் காசு குடு" இரண்டையும் அவர்கள் வாயால் கேட்டு, சம்மதத்தோடு குரல் பதிவாக அனுப்புங்கள். பாலையூற்றுப் பக்கம் என்றால் சொல்லுங்கள், நானே வருகிறேன். இந்தக் குரல்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.