நாடக நோட்டீஸில் நாடகம் எழுதியவர் பெயர் இல்லை. கேட்கலாமா, விட்டுவிடலாமா?

தண்டையார்பேட்டை எழுத்து:

எல்லோருக்கும் வணக்கம். பகலில் ஒரு கன்டெய்னர் யார்டில் பில் போடும் வேலை, ராத்திரி நாடகம். ஐந்து வருடமாக எங்கள் பகுதிக் குழுவுக்கு எழுதுகிறேன். பதினோரு பேர் இருக்கிறோம், கொருக்குப்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் ஒத்திகை. ரயில்வே கேட் மூடினால் பாதிப் பேர் அந்தப் பக்கமே நின்றுவிடுவார்கள், அதனால் ஏழு மணி ஒத்திகை எட்டரைக்குத்தான் சூடு பிடிக்கும். கூட்ஸ் வண்டி போகும்போது யார் என்ன பேசினாலும் கேட்காது, எல்லோரும் அப்படியே உறைந்து நின்று வண்டி போனபின் தொடர்வோம்.

இப்போது போடும் நாடகம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதைப் பற்றியது. எட்டு மாதம் உட்கார்ந்து எழுதினேன். அதில் முக்கிய வேடம் செய்பவர் காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அக்கா. அவருக்கு நான் எழுதிய வசனம், "இந்தக் கரிய நீர் என் வாழ்வையே விழுங்கிவிட்டதே". அக்கா அதை இரண்டு முறை படித்தார். பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "தம்பி, அந்த வலையத் தொட்டுப் பாத்தியா நீ? கையில எடுத்தா வழுக்கும். இத எதுல கழுவுறது, மண்ணெண்ணெயிலயா? கழுவுனா மட்டும் மீன் வந்துடுமா?" என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்டதுதான், ஆனால் இன்று நாடகத்தில் இருக்கும் வசனம் அதுவே. அந்த இடத்தில் தெருவில் ஒருத்தர் இருமுவதுகூட இல்லை.

இப்படி நிறைய மாறியது, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் போன வாரம் அச்சடித்த நோட்டீஸில் "ஆக்கம்: குழு" என்று மட்டும் இருக்கிறது. மைக் செட் கொடுத்தவர் பெயர் இருக்கிறது, லைட் கொடுத்தவர் பெயர் இருக்கிறது, என் பெயர் இல்லை. இயக்குநரிடம் கேட்டால், பாதி வசனம் ஒத்திகையில் வந்ததுதானே என்கிறார். அம்மா அந்த நோட்டீஸை வாங்கி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பித் தேடியதைப் பார்த்தேன், தாங்கவில்லை. இது இன்னும் என் நாடகம்தானா? கேட்டால் குழு உடைந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

---

வியாசர்பாடி பழைய மேடை:

தம்பி, முதலில் உங்கள் கேள்விக்குப் பதில்: உங்கள் நாடகம்தான். சந்தேகமே வேண்டாம்.

தெற்கே ஸ்பெஷல் நாடகம் பார்த்திருக்கிறீர்களா? வள்ளி ஓர் ஊரிலிருந்து வருவார், நாரதர் வேறு ஊரிலிருந்து வருவார், ஒத்திகை கிடையாது, நேரே மேடையில்தான் சந்திப்பார்கள். தர்க்கம் ஆரம்பித்தால் ஒரு மணி நேரம்கூடப் போகும், அதில் பெரும்பகுதி அங்கேயே அப்போதே பேசுவது. அப்படி இருந்தும் வள்ளி திருமணம் யாருடையது என்று கேளுங்கள், சங்கரதாஸ் சுவாமிகள் என்றுதான் சொல்வார்கள். சுவாமிகள் 1922லேயே காலமானவர். நூறு வருடமாக எத்தனையோ நடிகர்கள் கூட்டியும் குறைத்தும் பேசியிருக்கிறார்கள், அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை. ஏனென்றால் எது முன்னால், எது பின்னால், யார் எங்கே வருவது, பாட்டு எங்கே விழுவது என்ற கட்டு அவருடையது. (அவருக்கும் இந்தத் தலைவலி உண்டு. எழுதியபடி பேசாத பெரிய நடிகர்களோடு போராடிச் சலித்துத்தான் சிறுவர்களை வைத்து நாடக சபை நடத்தப் போனார் என்று சொல்வார்கள். 1918ல் மதுரையில் அவர் தொடங்கியதும் பாலர் சபைதான்.)

அக்கா சொன்ன வலை வசனம் அருமை, படிக்கும்போதே எனக்குக் கை வழுக்கியது. ஆனால் அதற்கு முன்னால் என்ன காட்சி வைத்திருக்கிறீர்கள்? நிவாரணத்துக்கு வரிசையில் நிற்பதா, படகை இழுத்துக் கட்டுவதா? அந்த இடத்தில்தான் அந்தக் கேள்வி வர வேண்டும் என்று முடிவு செய்தது யார்? அதுவும் எழுத்துதான். நம் பக்கத்தில் எழுத்து என்றால் வசனம் என்றே நினைத்துவிடுகிறார்கள், அந்தப் பழக்கம்தான் உங்கள் பெயரைச் சாப்பிட்டிருக்கிறது.

நாம் இருக்கும் இடத்தையும் நினைத்துப் பாருங்கள். பம்மல் சம்பந்த முதலியார் 1891ல் சுகுண விலாச சபையை ஆரம்பித்தது இதே சென்னையில். வக்கீல் வேலையும் பார்த்துக்கொண்டு, சபையில் யார் இருக்கிறார்களோ அவர்களை மனதில் வைத்து எழுதினார். பெண் வேடத்துக்கு ரங்கவடிவேலு இருந்தார், அவருக்கென்று பாத்திரம் பிறந்தது. கம்பெனி நாடகங்கள் நடந்த ஒற்றைவாடைக் கொட்டகை இதோ வால்டாக்ஸ் ரோட்டில் இருந்தது. ஆளைப் பார்த்து எழுதுவது இங்கே பழைய வழக்கம். அதனால் எழுதியவன் காணாமல் போனதில்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். நோட்டுப் புத்தகம் இல்லாமல் ஒத்திகைக்குப் போகாதீர்கள். எது மாறினாலும் அன்றைக்கே எழுதி, வாரம் ஒருமுறை புதிய பிரதி எடுத்து, மேலே தேதியும் உங்கள் பெயரும் போட்டு எல்லோருக்கும் கொடுங்கள். எங்கள் காலத்தில் நாடகம் போடுவதற்குமுன் பிரதியைப் போலீஸுக்குக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். 1954ஆம் வருடச் சட்டம் அது, நாடகக்காரரும் எழுத்தாளருமான ஞாநி போட்ட வழக்கில் 2013ல்தான் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுகளைச் செல்லாது என்றது. அந்தச் சட்டம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனால் அதற்காகவாவது சுத்தமான பிரதி ஒன்று கையில் இருந்தது. இப்போது பல குழுக்களிடம் பிரதியே இல்லை, வாட்ஸ்அப்பில் நாலு வாய்ஸ் மெசேஜ்தான் இருக்கிறது.

---

மேடைக்காரி:

அண்ணன் சொன்னதில் முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியை நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் நடிக்கிறவள்.

பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு நாடகத்தில் மாமியாரைத் திட்டும் காட்சி முழுக்க என் வாயில் வந்தது. எங்கள் பாட்டி குழாயடியில் திட்டுவதை அப்படியே சொன்னேன். பிறகு அது அச்சில் வந்தது, ஒரு எழுத்து மாறவில்லை, என் பெயர் நன்றியில்கூட இல்லை. உங்கள் அம்மா நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தது மாதிரி நான் அந்தப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அதனால் தம்பி, உங்கள் பெயரைத் தாராளமாகக் கேளுங்கள், ஆனால் தனியாகக் கேட்காதீர்கள். "எழுத்து: இன்னார்" என்று ஒரு வரி, "ஒத்திகையில் வசனம் தந்தவர்" என்று அக்கா பெயரோடு அடுத்த வரி. இரண்டும் சேர்த்துக் கேட்டால் இயக்குநர் எதைச் சொல்லி மறுப்பார்? "ஆக்கம்: குழு" என்று போட்டதில் பெயர் போனது உங்களுக்கு மட்டும் இல்லை, அக்காவுக்கும்தான். அவர் விடியற்காலை மூன்று மணிக்கு ஏலத்துக்குப் போய், கூடை இறக்கி, விற்று முடித்து, அப்புறம் அந்த மாடிப்படி ஏறி வருகிறார்.

---

சட்டம் படிக்கிறேன்:

சுருக்கமாகச் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் நாடகமும் அடங்கும். எழுதி முடித்த உடனே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயம் இல்லை. வேண்டுமானால் பதியலாம், ஒரு படைப்புக்கு 500 ரூபாய் கட்டணம். ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு 60 வருடமும் உரிமை இருக்கும். உரிமையையே வேறொருவருக்கு எழுதிக் கொடுத்தாலும், எழுதியது நான் என்று சொல்லும் உரிமை போகாது, 57ஆம் பிரிவைப் பாருங்கள். இருவர் எழுதியது பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டால் கூட்டு ஆசிரியர் என்றும் ஒன்று உண்டு, அதனால் மேடைக்காரி அக்கா சொன்ன இரண்டு வரி யோசனை நல்ல யோசனை. யூடியூபில் ஏற்றும்போதும் அதே இரண்டு வரியைக் கீழே போடச் சொல்லுங்கள். நோட்டீஸ் கிழிந்துவிடும், வீடியோ அங்கேயே இருக்கும்.

இதை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போக வேண்டாம். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

---

தண்டையார்பேட்டை எழுத்து:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ஒத்திகை முடிந்ததும் கேட்டேன். குரல் நடுங்கியது, ஆனாலும் கேட்டுவிட்டேன். இயக்குநர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ஒட்டிய நோட்டீஸை ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த தடவையிலிருந்து போடலாம் என்றார். முழு மனதோடு சொன்னாரா என்று தெரியவில்லை. இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசாமல் கிளம்பிவிட்டார்கள், அது கஷ்டமாக இருக்கிறது.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "என் பேரா? எதுக்குடா?" என்று முதலில் சிரித்தார். படி இறங்கப் போனவர் திரும்பி வந்து, இனிஷியலாக அப்பா பெயரின் எழுத்தைப் போடாதே, வலை பின்னக் கற்றுக்கொடுத்தது அம்மா, அவர் பெயரின் முதல் எழுத்தைப் போடு என்றார். நோட்டில் எழுதிக் காட்டச் சொல்லி, சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஞாயிறு புதிய பிரதியோடு போகிறேன். பதினோரு ஜெராக்ஸ் எடுத்தாகிவிட்டது.